கரண்ட் பில்லைக் குறைக்குமா ஸ்பிரே ஃபோம்? ஒரகடம் மாடி வீடுகளின் கணக்கு என்ன?

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கு வருபவர்களை நம்பியே மாடிக்கு மேல் மாடி எழும்புகிறது. வெயில் நேராக இறங்குவது கடைசி மாடியில்தான். தளம் போட்ட அறை என்றால் ராத்திரி பத்து மணிக்கும் கூரை அனல் கக்கும். ஷீட் போட்ட அறை பகலில் அடுப்பு மாதிரி. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குபவருக்கு ஏசி இல்லாமல் கண் மூட முடியாது. கூரையில் ஃபோம் அடித்தால் பில் குறையும் என்ற பேச்சு இங்கே எடுபடுவது அதனால்தான்.

புது சமாச்சாரமா இது?

இல்லை. ஃபிரிட்ஜ் கதவுக்குள் இருப்பதும், கோல்டு ஸ்டோரேஜ் சுவரில் இருக்கும் பஃப் பேனலும் இதே பாலியூரித்தேன்தான். இரண்டு ரசாயனங்கள் துப்பாக்கி முனையில் கலந்து, கூரையில் பட்ட சில நொடிகளில் பொங்கி இறுகிவிடும். உள்ளே அடைபட்ட குமிழ்கள் வெப்பத்தைத் தடுக்கும். கான்கிரீட் இதைவிட 50 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

வீடுகளுக்காக மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதி, கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வெறும் ஆறு அங்குல கான்கிரீட் தளம் அந்த வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை விடும். மேலே ஒரு அங்குல ஃபோம் இருந்தால் வரம்புக்குள் வந்துவிடும்.

மிச்சம் எவ்வளவு?

2024 ஜூலை கட்டண அட்டவணைப்படி, இரண்டு மாதத்துக்கு 601 முதல் 800 யூனிட் வரை யூனிட்டுக்கு ரூ.9.65. உங்கள் வீட்டில் 700 யூனிட் ஓடுகிறது, அது 600 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பில்லில் 965 ரூபாய் மிச்சம். கோடைக்கு இரண்டு பில் என்றால் சுமார் 1,900 ரூபாய். ஃபோம் அடிக்கக் கேட்கும் தொகையை இதனால் வகுத்துப் பார்த்தால், எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

510-ஐ 490 ஆக்குபவருக்கு வேறு லாபமும் உண்டு. 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரையிலான மானிய விலை போய்விடும். அதிலேயே 200 ரூபாய்க்கு மேல் கூடும்.

ஏசியே இல்லாத வீட்டில் பில் குறைய வழியில்லை. ஃபேனுக்கு என்ன பெரிய கரண்ட்? வெப்பம் கொஞ்சம் தணியும், அவ்வளவுதான்.

காசு போடுவது யார்?

இதுதான் இந்தப் பகுதியின் நிஜச் சிக்கல். கூரை வீட்டுக்காரருடையது, பில் வாடகைக்காரருடையது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கும் இடங்களில், யூனிட் குறைவதால் அவர் பாக்கெட்டுக்கு ஒன்றும் வரப்போவதில்லை. அவர் எதற்கு ஃபோம் அடிப்பார்?

ஆபத்து உண்டா?

உண்டு. பாலியூரித்தேன் தீப்பிடிக்கும், எரிந்தால் நச்சுப்புகை வரும். ஷீட் கூரைக்கு அடியில் ஃபோமை அப்படியே திறந்து விட்டுவிட்டு, கீழே கேஸ் அடுப்பு வைத்துச் சமைப்பது விபரீதம். தீயைத் தாங்கும் பூச்சோ பலகையோ போட்டு மூடியே ஆக வேண்டும். அடிக்கும்போது கிளம்பும் ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவைக் கிளப்பும். வேலை முடிந்து ஒரு நாளாவது அறையில் யாரும் தங்கக் கூடாது. மொட்டை மாடியில் வெளிப்புறம் அடித்தாலும், மேல்பூச்சு இல்லாவிட்டால் வெயிலில் பொடிந்துவிடும்.

சின்ன செலவில் வழி?

வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, கூல் ரூஃப் டைல்ஸ், ஏன், வெறும் சுண்ணாம்புகூட உதவும். தெலங்கானா 2023-லேயே இதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டு, ஐந்து ஆண்டுகளில் 300 சதுர கிலோமீட்டர் குளிர் கூரை என்று இலக்கு வைத்தது. வெப்ப அலையை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழ்நாடு.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஃபோம் பற்றி யோசிப்பதைவிட, மார்ச்சுக்கு முன்பே மாடிக்கு வெள்ளை அடிக்கச் சொல்லி வீட்டுக்காரரைக் கேட்கலாம். ஏசியை 24 டிகிரியில் வைக்கலாம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. இதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.