பூட்டு இருக்கிறது, காவல் இருக்கிறதா?

(இரண்டாம் ஆண்டு மாணவர், இளம் அறிவியல் – கணினி அறிவியல்)

இன்றைய உலகைக் கணினி உலகம் என்று சொல்லி மகிழ்கிறோம். விண்ணப்பம் கணினியில், தேர்வு முடிவு கணினியில், பட்டா, சாதிச் சான்றிதழ், உதவித்தொகை அனைத்தும் கணினியில். கள்ளக்குறிச்சிக் கடைவீதியிலும், கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்திலும் இம்மாற்றம் கண்கூடு. ஒரு நாள் கூலியை இழந்து தாலுகா அலுவலக வாசலில் காத்துக் கிடந்த தாய்மார்களுக்கு இது பெரிய விடுதலை. இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். காகிதம் பீரோவில் இருந்த காலத்தில் அந்தப் பீரோவுக்கு ஒரு பூட்டு இருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். இன்று அந்தப் பீரோவின் பெயர் மறையாக்கம். அந்தச் சாவியின் பெயர் கடவுச்சொல். இவ்விரண்டும் செம்மையாகச் செய்யப்பட்டிருக்கின்றனவா என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? கேட்க வேண்டியவர்கள் கணினி பயிலும் மாணவர்களாகிய நாமே. ஏனெனில் நாளை இந்தப் பீரோக்களைச் செய்யப் போகிறவர்களும் நாமே.

கைநாட்டின் கதை

"நீ யார்?" என்று ஆட்சி கேட்பது புதிதன்று. 1858-ஆம் ஆண்டில் வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற ஊரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ஓர் ஒப்பந்தத்தில் இராஜ்யதர் கோனாய் என்பவருடைய முழு உள்ளங்கையையும் மை தடவிப் பதித்துக் கொண்டார். பின்னாளில் "இது என் கையொப்பம் அன்று" என்று அவர் மறுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். 1897-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் ஏற்பட்டது. கைரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு அங்கே உழைத்தவர்கள் அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இந்தியர்கள். ஆக, கைநாட்டு என்பது தொடக்கம் முதலே மேலே இருப்பவன் கீழே இருப்பவனை நம்பாததால் பிறந்த ஏற்பாடு.

கல்வராயன் மலையிலோ ஜாகீர்தார் ஆட்சி முடிவுக்கு வந்ததே 1976-ஆம் ஆண்டில்தான். நிலத்துக்குக் காகிதம் என்பதே அங்கே அண்மைக் காலத்துச் செய்தி. அந்தக் காகிதம் கைக்கு வந்து பழகுவதற்குள் அது எண்ணாக மாறிவிட்டது. 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை மின்னணு அட்டையாயிற்று. 2020-ஆம் ஆண்டில் ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியும், சாமை அறுத்தும், கல் சுமந்தும் தேய்ந்த விரல் கருவியில் பதிய மறுக்கிறது. என் தந்தையார் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கருவிழியைப் படிக்கும் கருவி பின்னர் வந்தது நல்லதே. ஆனால் இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கடவுச்சொல் களவு போனால் வேறு சொல் வைத்துக் கொள்ளலாம். விரல் களவு போனால் வேறு விரலுக்கு எங்கே போவது? எனவே கைரேகையைச் சேர்த்து வைப்பவர், கடவுச்சொல்லைச் சேர்த்து வைப்பவரைக் காட்டிலும் பன்மடங்கு பொறுப்புடையவர் ஆகிறார். கைரேகையை வேண்டும்போது திறந்து, மற்ற வேளையில் பூட்டி வைக்கும் வசதியை ஆதார் ஆணையம் அளித்திருக்கிறது. அதை அறிந்தவர் எங்கள் மலையில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

பூட்டு என்றால் என்ன?

பலர் மறையாக்கம் என்றவுடன் இரகசியமான ஏதோ ஒரு மந்திரம் என்று எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. திண்டுக்கல் பூட்டு எப்படிச் செய்யப்படுகிறது என்பது அந்த ஊர்ப் பட்டறைகளுக்கெல்லாம் தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டுப் பூட்டை அவர்களால் எளிதில் திறக்க முடியாது. ஏனெனில் இரகசியம் சாவியில் இருக்கிறது, செய்முறையில் இல்லை. இதனையே 1883-ஆம் ஆண்டில் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற அறிஞர் மறையாக்கத்தின் அடிப்படை விதியாக எடுத்துரைத்தார். ஆகவே "நானே ஒரு மறையாக்க முறையைக் கண்டுபிடித்துவிட்டேன், யாருக்கும் தெரியாது" என்று ஒரு மாணவர் மார்தட்டினால் அவரைப் பாராட்ட வேண்டா, எச்சரிக்க வேண்டும். உலகத்து அறிஞர்கள் பல்லாண்டுக் காலம் உடைத்துப் பார்த்தும் உடையாத முறைகளை எடுத்தாள்வதே அறிவுடைமை.

அடுத்தது கடவுச்சொல். அதை உள்ளபடியே எழுதி வைக்கவே கூடாது. மாவாக அரைத்த அரிசியை மீண்டும் அரிசியாக்க முடியாது அன்றோ? அதுபோலச் சொல்லை அரைத்து, அரைத்ததை மட்டும் வைத்துக் கொள்ள வேண்டும். இதற்கு ஹாஷ் என்று பெயர். உள்ளே வருபவர் சொல்லும் சொல்லையும் அவ்வாறே அரைத்து, இரண்டும் ஒத்தால் கதவைத் திறக்கலாம். ஒருவரைப் போலவே மற்றவரும் ஒரே சொல்லை வைத்திருந்தால் அரைத்த மாவும் ஒன்றாகிவிடும். அதனால் ஆளுக்கொரு பிடி வேறு வேறு உப்பும் சேர்த்து அரைப்பார்கள். உப்பு என்பது என் உவமை அன்று. அந்தத் துறையிலேயே அதற்கு அதுதான் பெயர். 1979-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் இதை விளக்கி எழுதிவிட்டார்கள். மெதுவாக அரைக்கும் பி-கிரிப்ட் என்ற முறை 1999-இல் வந்தது. 2015-இல் நடந்த போட்டி ஒன்றில் ஆர்கான்-2 என்ற முறை வென்றது. மெதுவாக அரைப்பதால் நமக்கு நட்டம் ஒரு நொடியில் ஒரு பங்கு; கோடிக் கணக்கில் சொற்களை முயன்று பார்க்கும் திருடனுக்கோ நட்டம் ஆண்டுக் கணக்கு.

இதைச் செய்யாதவர்கள் பட்ட பாட்டை உலகம் பார்த்தது. 2009-இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனம் 3 கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்களை அப்படியே எழுதி வைத்திருந்து பறிகொடுத்தது. 2012-இல் லிங்க்ட்இன் நிறுவனம் உப்புச் சேர்க்காமல் அரைத்து வைத்திருந்தவை வெளியாயின. பெரிய நிறுவனங்களின் கதியே இதுவானால் மற்றவர் கதி என்ன?

நம் வீட்டுச் செய்தி

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பாரும் உளர். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் ஏறத்தாழ 50 இலட்சம் பேருடைய விவரங்கள் இணையத்தில் கிடக்கின்றன என்று பெங்களூரு நிறுவனம் ஒன்று தெரிவித்த செய்தி நாளேடுகளில் வந்தது. 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முகமறியும் மென்பொருள் தளத்துக்குள் அயலார் புகுந்தனர். நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் களவு போயிருக்கலாம் என்று காவல்துறையே விளக்கம் தந்தது. கோட்டைச் சுவர் உயர்ந்துதான் இருந்தது. வாயிற்காவலனின் சாவி ஒன்றுதான் போயிற்று! ஒற்றைச் சொல்லை நம்பி ஒரு பெருவாயிலை விடக்கூடாது, இரண்டாவது சோதனை ஒன்றும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

"கஞ்சிக்கே வழியில்லாதவனிடம் திருட என்ன இருக்கிறது? மலைவாசிக்கு என்ன இரகசியம்?" என்று கேட்கும் பெரியவர்களைக் கண்டிருக்கிறேன். இக்கேள்வி தவறு. பணக்காரனுக்குப் பத்து வங்கிக் கணக்கு. ஒன்று போனால் வழக்கறிஞர் வருவார். எங்களுக்கோ ஒரே கணக்கு. அதில் உதவித்தொகையும் கூலியும் வந்து விழும். அது போனால் அந்தப் பருவத்துக் கல்லூரிக் கட்டணமே போயிற்று. இல்லாதவனுக்குத்தான் பூட்டு மிகுதியும் வேண்டும்.

இங்கே உள்ளதை உள்ளபடி சொல்ல விரும்புகிறேன். எங்கள் பக்கத்து மாணவர் பலர் பிரவுசிங் சென்டரில்தான் விண்ணப்பம் போடுகிறார்கள். அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் மாணவர் பெயர், பதிவெண், கடவுச்சொல் எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பலருக்குக் கடவுச்சொல்லும் ஒன்றே. சொந்தக் கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஓ.டி.பி. வருவதும் கடைக்காரர் எண்ணுக்கே. அவரைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் எங்களில் பலர் முதலாண்டிலேயே நின்றிருப்போம். ஆனால் அந்த நோட்டு ஒரு நாள் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும்? அவரைக் குறை சொல்வதை விட்டு, ஆளுக்கொரு கைப்பேசி, எப்போதும் அலைவரிசை, ஆங்கிலத்தில் தேர்ச்சி என்று கற்பனை செய்துகொண்டு தளத்தைக் கட்டியவரைத்தான் கேட்க வேண்டும். பயன்படுத்துவோன் யார் என்று அறியாமல் செய்த பூட்டு, வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிடும்.

தமிழ் எழுத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. மறக்காத நான்கு தமிழ்ச் சொற்களைச் சேர்த்தால் அருமையான கடவுச்சொல் ஆகும். ஆனால் பி-கிரிப்ட் முறை 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. கணினியில் வழங்கும் யு.டி.எப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட்டு எடுத்துக் கொள்கிறது. கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். ஆக 24 குறிகளுக்குப் பின் எழுதியது வீண். மேலும் "கொ" என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க இயலும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. அரைக்கும் முன் அதை ஒரே வடிவாக்கிக் கொள்ளாவிட்டால், சரியான சொல்லைச் சொன்னவனுக்கும் கதவு திறக்காது. தமிழ் மாணவன் கவனிக்காமல் இதை வேறு யார் கவனிப்பார்?

சட்டம் போதுமா?

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. மகிழ்ச்சியே. ஆயினும் அத்தண்டத் தொகை இந்திய அரசின் தொகுநிதிக்குச் செல்லும். விவரத்தை இழந்தவன் கைக்கு வராது. எனவே போன பின் தண்டம் விதிப்பதைவிடப் போகாமல் காப்பதே நமக்குப் பயன்.

நாம் செய்யத்தக்கவை

மூன்றாமாண்டு மாணவர் செய்யும் செயல்திட்டத்தை ஆய்வு செய்யும்போது திரையின் நிறத்தையும் அழகையும் பார்ப்பதோடு, நான்கு கேள்விகளைப் பேராசிரியப் பெருமக்கள் கேட்க வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள். ஒன்று, கடவுச்சொல் உப்புச் சேர்த்து அரைக்கப்பட்டிருக்கிறதா? இரண்டு, எச்.டி.டி.பி.எஸ். வழியாக மட்டுமே செய்தி போகிறதா? மூன்று, உள்ளே வந்தவர் முகவரியில் ஓர் எண்ணை மாற்றினால் அடுத்தவர் விவரம் தெரிகிறதா? உலகெங்கும் இணையத்தளக் குறைகளைத் தொகுக்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் முதலிடம் கொடுத்தது இக்குறைக்கே. வாசலில் சீட்டுக் கேட்டுவிட்டு, உள்ளே எல்லா அறைகளையும் திறந்து போட்டிருப்பதற்கு ஒப்பானது இது. நான்கு, கடவுச்சொல்லை மறந்தவர், சொந்தக் கைப்பேசி இல்லாதவர் மீண்டும் உள்ளே வர வழி என்ன? இந்த நான்காவதற்கு விடை சொல்லாத செயல்திட்டத்துக்கு முழு மதிப்பெண் தரலாகாது.

பிறந்த தேதியையே கடவுச்சொல்லாக வைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். வகுப்பில் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடும் நாள் எப்படி இரகசியமாகும்? அடிக்கடி கட்டாயமாக மாற்றச் சொல்வதும் வீண் வேலை. நீளமான சொல்லே நல்லது, தக்க காரணமின்றி மாற்றச் சொல்ல வேண்டா என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017-இல் தன் அறிவுரையைத் திருத்திக் கொண்டது.

இனி, நாட்டு நலப்பணித் திட்ட முகாம் மலைக்குப் போகும்போது மரக்கன்று நடுவதோடு, ஊர்ப் பிள்ளைகளுக்கு அவரவர் பெயரில் அவரவர் அறிந்த கடவுச்சொல் அமைத்துக் கொடுப்பதும், ஆதார் கைரேகையைப் பூட்டக் கற்பிப்பதும் நம் பணியாகட்டும். ஒரு முகாமில் ஐம்பது பேர் அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து விடுபட்டால் அதுவே பெருந்தொண்டு.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள். நம் பெற்றோர் கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களுக்குப் படித்துச் சொல்ல அன்று ஆளில்லை. இன்று அவர்கள் விரல் வைக்கும் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று படித்துச் சொல்ல நாம் இருக்கிறோம். படித்தும் சொல்லாமல் இருந்தால் அந்தப் படிப்பு யாருக்காக?