கண்ணாடிச் சிங்கம்

விற்பனை டார்கெட்டைத் தாண்டியவருக்கு மேடையில் என்ன கொடுக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? பல இடங்களில் பளபளவென்று ஒரு கண்ணாடிச் சிங்கம். கொடுப்பதற்கு முன்னால் ஒரு கதையும் உண்டு. ஆட்டு மந்தையில் வளர்ந்த சிங்கக்குட்டி 'மே' என்று கத்திக்கொண்டு புல் தின்றதாம். பெரிய சிங்கம் ஒன்று அதைத் தண்ணீர்க் கரைக்கு இழுத்துப்போய், "மூஞ்சியப் பாரு, நீ ஆடா?" என்று கேட்டதாம். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

விவேகானந்தர் சொன்ன கதை இது. ஆடு என்ற மயக்கத்தை உதறுங்கள் என்று 1893-ல் சிகாகோவிலேயே பேசியவர் அவர். ஆனால் அவர் பேசியது எல்லா மனிதருக்குள்ளும் இருக்கிற ஆன்மாவைப் பற்றி. மாதாந்திர டார்கெட்டைப் பற்றி அல்ல. பி.காம். படித்த எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. நூறு பேரில் ஒருவர் சிங்கம் என்றால் மீதி 99 பேர் யாராம்?

விவேகானந்தர் 1892 டிசம்பரில் தியானம் செய்த குமரிப் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். 77 மீட்டர், 37 கோடி ரூபாய். போங்கள், ஆசை தீர செல்ஃபி எடுங்கள், தப்பே இல்லை. திரும்பும்போது பக்கத்திலேயே இருக்கிற சாமித்தோப்பில் இறங்கி இன்னொரு கண்ணாடியையும் பாருங்கள்.

அய்யா வைகுண்டர் (1809-1851) பதியில், பள்ளியறைக்குள் சிலை கிடையாது. நிலைக்கண்ணாடிதான். கும்பிடப் போனால் உங்கள் முகம்தான் தெரியும். ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகவேண்டும். ஏன் தலைப்பாகை? திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் ஒடுக்கப்பட்ட சாதிக்காரன் தலையில் துணி கட்டக்கூடாது. இடுப்பில்தான் கட்டவேண்டும். நாடார் பெண்கள் மேலாடை போடுகிற உரிமைக்கு 1859 வரை போராட வேண்டியிருந்தது. அந்த ஜனங்களைப் பார்த்து, துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டு என்றார் வைகுண்டர். சும்மா விடுவார்களா? பிடித்துக்கொண்டு போய்த் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார்கள்.

கதையில் வருகிற சிங்கத்துக்குத் தண்ணீராவது சுலபமாகக் கிடைத்தது. இங்கே ஊர்க் கிணற்றை நெருங்கவே சிலருக்கு அனுமதி இல்லை. அதனால் அவர் எல்லாச் சாதிக்கும் பொதுவாக முத்திரிக் கிணறு வெட்டினார்.

அந்தக் கண்ணாடியில் சிங்கம் தெரியாது. தலைப்பாகை கட்டிய மனுஷன் தெரிவான். அடுத்து வந்து நிற்பவனுக்கும் அதே கண்ணாடி, அதே தலைப்பாகை. ஒருவன் நிமிர்வதற்கு இன்னொருவன் ஆடாக வேண்டிய அவசியமே அங்கே இல்லை.

அடுத்த மீட்டிங்கில் உங்கள் கையில் கண்ணாடிச் சிங்கத்தைத் திணித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே மைக்கைப் பிடித்து, கீழே உட்கார்ந்திருக்கிற 99 பேருக்கு இந்த வருஷம் இன்க்ரிமென்ட் ஏன் இல்லை என்று கேளுங்கள். சிங்கம்தானே சார், தைரியமாகக் கேட்கலாம்.