தீர்மானமும் தண்ணீரும்

பத்திரிகைக்காரன் சட்டசபைக்குப் போனால் விலைபோய்விட்டான் என்கிறது ஒரு கூட்டம். போனால்தான் ஏதாவது நடக்கும் என்கிறது இன்னொரு கூட்டம். நம் தோழர்கள் மத்தியிலும் இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. இரண்டுமே பாதி உண்மைதான். அவர் உள்ளே போன பிறகு வெளியே என்ன மிச்சமிருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

உக்ரைனில் முஸ்தஃபா நயெம் என்றொருவர். காபூலில் பிறந்தவர், தொலைக்காட்சிப் பத்திரிகையாளர். 2013 நவம்பரில் கீவ் நகரச் சதுக்கத்துக்கு வாருங்கள் என்று முகநூலில் அவர் எழுதிய சில வரிகள், அதிபரையே நாட்டைவிட்டு ஓடவைத்த எழுச்சிக்குத் தொடக்கமாயின. 2014இல் புது அதிபரின் கட்சிப் பட்டியலில் நாடாளுமன்றம் போனார். 2019இல் தேர்தலில் நிற்கவில்லை. பிறகு அரசின் மறுசீரமைப்பு முகமைக்குத் தலைவரானார். அரசே முட்டுக்கட்டை போடுகிறது என்று சொல்லி 2024 ஜூனில் அதிலிருந்தும் விலகினார். ஊரையே திரட்டிய மனிதருக்கு உள்ளே போனதும் கை கட்டப்பட்டது.

நமக்கு இது புதுக்கதை அல்ல. நூறு வருஷத்துக்கு முந்தைய நம் கதை. இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். எந்தப் பெயரை ஊர் வசைச்சொல்லாக வைத்திருந்ததோ, அதையே தலைப்பில் போட்டார். கோர்ட்டுக்கு இழுத்தார்கள், அபராதம் போட்டார்கள். 1900இல் அவர் கடல் கடந்து போனதோடு பத்திரிகையும் நின்றது. 1921இல் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்ட சபையில் நியமன உறுப்பினர் ஆனார். நியமனம் என்றால் சேரி ஓட்டுப்போட்டு அனுப்பியதல்ல, சர்க்கார் கொடுத்த நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. பொதுச்சாலை, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் தாழ்த்தப்பட்டவனைத் தடுக்கக்கூடாது என்று 1924 ஆகஸ்டில் தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. செப்டம்பரில் அரசாணையும் வந்தது.

அப்புறம்? நான் வங்கியில் கிளார்க். செக்கில் கையெழுத்து இருக்கும், கணக்கில் பணம் இருக்காது. அந்த அரசாணையும் அப்படித்தான் ஆனது. கிணற்றடியில் நின்று அதை மாற்றித் தர ஆள் வேண்டியிருந்தது.

பம்பாயைப் பாருங்கள். அங்கும் 1923இல் போலே கொண்டுவந்த இதே மாதிரித் தீர்மானம் சட்ட சபையில் நிறைவேறியது. மகாத் நகராட்சியும் குளத்தைத் திறந்ததாகத் தாளில் எழுதியது. ஒருத்தர் வாயிலும் ஒரு சொட்டு படவில்லை. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்ச் சவதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தார். அடிதடி நடந்தது. ஏப்ரல் 3இல் ‘பகிஷ்கிருத பாரத்’ பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவரும் பம்பாய்ச் சட்ட சபையில் நியமன உறுப்பினர்தான். ஒரே ஆளிடம் சபையும் தெருவும் பத்திரிகையும் சேர்ந்திருந்தன. வழக்கு பத்து வருஷம் இழுத்து 1937இல் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தது.

சீனிவாசனைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பத்திரிகையும் இயக்கமும் பின்னால் நிற்காமல் ஒரு தனி மனிதர் எவ்வளவுதான் சுமப்பார்? தவறு நம் பழக்கத்தில் இருக்கிறது. நம்மாளு ஒருத்தர் எம்.எல்.ஏ., எம்.பி. ஆனதும் பத்திரிகையை மூடிவிட்டு அவர் வீட்டு வாசலில் மனுவோடு நிற்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். 1985இலிருந்து கட்சித்தாவல் தடைச் சட்டம் வேறு. கொறடா சொன்னபடி கை தூக்காவிட்டால் பதவி போகும். வெளியே பேச ஆள் இல்லையென்றால் உள்ளே இருப்பவர் ஊமைதான்.

இனி நம்ம ஜில்லாவுக்கு வருவோம். மழைக்காலம் வந்தால் போதும், டி.வி. கேமராக்கள் ஒகேனக்கல்லில் வந்து நிற்கும். ஐந்தருவி மூழ்கியதா, பரிசலுக்குத் தடையா, எத்தனை ஆயிரம் கன அடி வருகிறது என்று மணிக்கொரு தரம் சொல்வார்கள். அதே காவிரித் தண்ணீர்தான், ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியே வருகிறது. காலனித் தெருவுக்கு எத்தனை குடம் வருது என்று எந்தக் கேமராவும் கேட்பதில்லை. 2012 நவம்பர் 7இல் நத்தமும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்தபோது வந்த கேமராக்கள், சாம்பல் ஆறியதும் கிளம்பிப் போனவைதானே. சீனிவாசன் தீர்மானத்துக்கு 98 வருஷம் கழித்து, 2022 டிசம்பரில், வேங்கைவயலில் நம் ஜனம் குடிக்கும் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள்.

மாணவத் தோழர்களே, எம்.பி. என்ன பண்ணாரு என்று டீக்கடையில் கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு நடங்கள். எந்த ஊரில் தொட்டி எங்கே நிற்கிறது, எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள், வால்வைத் திறப்பவர் யார் என்று எழுதுங்கள். நாம் அச்சடிப்போம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க முடியாத உறுப்பினர் இருந்தால், அவரைப் பற்றி அப்புறம் பேசுவோம்.