பலகை மாறினால் சிறை மருத்துவமனை ஆகுமா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி நிர்வாகம், தன் பழைய மத்தியச் சிறைக்குப் பதிலாக மனநலச் சிகிச்சை நிலையம் கட்ட 2019 பிப்ரவரியில் முடிவெடுத்தது. செலவு சுமார் 170 கோடி டாலர். நல்ல காரியம்தானே என்போம். ஆனால் பூட்டும் காவலும் அப்படியே இருக்க, பலகை மட்டும் மாறுவதா என்று மக்கள் எதிர்த்தார்கள். வட்டாரந்தோறும் சிகிச்சை கேட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒப்பந்தம் ரத்தாயிற்று.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? பிழைக்க வந்த ஊரில் சித்தம் கலங்கித் தெருவில் திரியும் நம் தோழன், அவன் பாஷை தெரியாத போலீசுக்குக் குடிகாரன், இல்லையேல் திருடன்.

குற்றம் செய்யாத மனநோயாளியைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே தீர்ப்பளித்தது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில், சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, இப்படித் திரிபவரைப் போலீசார் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது.

சட்டம் ஏட்டில் உறங்கினால் அதுவும் வெறும் பலகைதான். அதை எழுப்ப வேண்டியவர்கள் நாம். தோழன் பிடிபட்டால் நாலு பேராய் ஸ்டேஷனுக்குப் போவோம். இந்தச் சட்டத்தைச் சொல்லுவோம். மருத்துவமனையில் நம் மொழி பேசுகிறவர் வேண்டுமென்று கேட்போம். நோய்க்கு மருந்து கேட்பது பிச்சையல்ல, உரிமை!