உபாத்தியாயர் தொழில் பழகுவது எப்படி?

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள மோட்டார் ஆலைகளில், புதிதாக வந்த ஒரு பையனை முதல் நாளே இயந்திரத்தின் முன் தனியாக நிறுத்திவிடுவதில்லை. வேலை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று, செய்து காட்டி, செய்யச் சொல்லித் திருத்திய பிறகே அவனிடம் வேலையை விடுகின்றார்கள். 1961-ம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் பழகுகின்றவனுக்கு உதவிப்பணமும் உண்டு. இரும்பைத் தொடுவதற்கே இவ்வளவு ஜாக்கிரதை!

அந்த ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பாடம் சொல்லப்போகின்ற உபாத்தியாயர் எப்படிப் பழகுகின்றார் என்று பார்த்தால், காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஒரு வருஷமாயிருந்த பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு வருஷமாக்கப்பட்டது. அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் பழகவேண்டும், அதற்கு நூற்றுக்கு 90 வருகை வேண்டும் என்பதாக தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் விதி செய்தது. ஆனால் நடப்பதென்ன? ஒருவர் எழுதின பாடத்திட்ட நோட்டைப் பத்துப் பேர் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகின்றார்கள். புரோகிதன் சொல்லச் சொல்ல, அர்த்தம் தெரியாமல் திருப்பிச் சொல்லுகின்ற திதிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். காலேஜ் வாசற்படியை மிதிக்காமலே பட்டம் பெறுகின்றவர்கள் இருப்பதும் ஊரறிந்த விஷயமேயாகும்.

இதற்கு மாணவர்கள்மேல் மாத்திரம் பழிபோட நாம் சம்மதிக்க மாட்டோம். காலேஜுக்குச் சம்பளமும் கட்டி, 20 வாரம் கூலியில்லாமலும் உழைக்கச் சொன்னால் ஏழை வீட்டுப் பெண் என்ன செய்வாள்?

பரீட்சை வைத்துச் சலித்துவிடலாம் என்பார்கள். 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை 6 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதியும் நூற்றுக்கு ஒருவர் வீதம்கூடத் தேறவில்லை. உடனே ஒன்றரை மணி நேரத்தை மூன்று மணியாக்கி அக்டோபரில் மறுபடியும் வைத்தார்கள். தேறாதவர்களுக்கெல்லாம் பட்டம் கொடுத்த காலேஜுகளை யார் பரீட்சித்தார்கள்? மேலும், நாலு விடைகளில் ஒன்றைக் குறிக்கத் தெரிந்தவருக்கு, வீட்டில் ஒரியாவோ இந்தியோ பேசிவிட்டு இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கு வருகின்ற வெளி மாகாணத் தொழிலாளியின் குழந்தைக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டச் சொல்லித்தரத் தெரியுமா என்பதை எந்தப் பரீட்சை காட்டும்?

ஆகவே அந்த 20 வாரத்துக்கும் சர்க்கார் உதவிப்பணம் கொடுக்கட்டும். மார்க்கை, வகுப்பில் கூடவே நின்று பார்த்த பள்ளி உபாத்தியாயர் போடட்டும். தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பயிற்சிக்கு யாராவது வந்திருந்தால், அவருடைய காலேஜிலிருந்து இதுவரை ஒருவராவது வந்து அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தாரா என்று விசாரித்து எழுதுங்கள்.