பறைக்கும் டிக்கெட் கிழியட்டும்

2017 செப்டம்பரில் ஏ.ஆர்.ரகுமானின் 'ஒன் ஹார்ட்' திரையரங்குகளுக்கு வந்தது. வட அமெரிக்காவில் அவர் நடத்திய மேடைக் கச்சேரிகளைப் படம்பிடித்த சினிமா. வத்திராயிருப்பிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போன எனக்குக் கச்சேரி டிக்கெட் எட்டாக்கனி. சினிமா டிக்கெட்டில் முதல் வரிசையே கிடைத்தது. வாத்தியக்காரரின் விரல்வரை கேமரா கூட்டிப்போனது.

சாதி பாராமல் எல்லாரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்பது பேராசிரியர் கா. சிவத்தம்பியின் கணிப்பு. அந்தக் கூரையும் ஒழுகுகிறது. 2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி திரையரங்கில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே மறித்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே உள்ளே விட்டார்கள்.

யார் உள்ளே போகலாம் என்பது ஒரு கேள்வி. எந்த இசை திரையேறலாம் என்பது இன்னொன்று. 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை' நடக்கிறது. கானாவும் ஒப்பாரியும் பறையும் முழங்கிய இந்த மேடைகள் ஏன் தியேட்டருக்கு வரக்கூடாது?

"யூடியூப்பில்தான் இருக்கிறதே" என்பார்கள். போனில் தனியாகக் கேட்பது வேறு. பக்கத்து இருக்கையில் இருப்பவர் யாரென்று தெரியாமல், காசு கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கைதட்டுவது வேறு. சாவு வீட்டில் பறையடிப்பதைச் சாதிக் கடமையாகச் சுமத்திய ஊர், அதே பறையைக் கலையென்று ஒப்புக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும்.

தோழர்களே, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரேயொரு காலைக் காட்சி கேட்போம். இலவசமாக வேண்டாம். டிக்கெட் கிழியட்டும், கலைஞர்களுக்குப் பங்கு போகட்டும்.