"படுக்க வெச்சு எடுங்க"



அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் தம்பி ஒருவரின் கடிதம் என் மேஜையில் இருக்கிறது. பக்கத்து மிஷினில் ஒருவருக்கு விரல் கிழிந்தபோது, அடிபட்டவர் நின்றுகொண்டிருக்க, இவர் விழுந்துவிட்டாராம். "கம்பெனியில ரத்ததான முகாம்னாலே லீவு போட்டுடறேன் சார். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்."

தம்பி, இது கோழைத்தனம் இல்லை. பாம்பைக் கண்டு பயந்தால் ரத்த அழுத்தம் ஏறும்; நெஞ்சு படபடக்கும், ஆனால் பொதுவாக ஆள் விழமாட்டார். ரத்தத்தைக் கண்டு வரும் பயத்தில் முதலில் ஏறிய அழுத்தம் பிறகு மளமளவென்று இறங்கிவிடுகிறது; இதயத் துடிப்பும் மந்தமாகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்ததும் காது அடைக்கும், வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவதும் இதில் சகஜம்.

அழுத்தம் இறங்குவதுதான் சிக்கல் என்பதால், "உடம்பைத் தளர்த்திக்கோ" என்ற அறிவுரை இங்கே எதிராகவே வேலை செய்யும். உடம்பை இறுக்க வேண்டும். 1987-ல் ஸ்வீடனின் உளவியலாளர்கள் லார்ஸ்-யோரன் ஓஸ்ட்டும் உல்ஃப் ஸ்டெர்னரும் இதை ஒரு சிகிச்சை முறையாகவே எழுதிவைத்தார்கள். உட்கார்ந்துகொண்டு கை, கால், வயிற்றுத் தசைகளை 10–15 விநாடி இறுக்குங்கள். முகத்தில் சூடு ஏறுவது தெரியும். பிறகு துவண்டுபோகாமல், சாதாரண நிலைக்கு வரும் அளவு மட்டும் விடுங்கள். 20–30 விநாடி கழித்து மறுபடி. இப்படி 5 தடவை. வீட்டிலேயே தினமும் பழகினால், கண் இருட்டத் தொடங்கும் நேரத்தில் உடம்பு தானாக நினைவுபடுத்திக்கொள்ளும். ஊசி குத்தும் கையை மட்டும் தளர்வாக விடுங்கள். பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ரத்தம், ஊசி எதுவும் இல்லாமலே மயக்கம் வந்தால் அது வேறு விஷயம், உடனே காட்டிவிடுங்கள்.

சுற்றி நிற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்து வாயில் சோடா ஊற்றுவது நம் ஊர் வழக்கம். செய்யாதீர்கள். படுத்தபடியே விட்டு, கால்களைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

இதை நான் அக்கறையோடு எழுதக் காரணம் ஆவடியில் இருக்கும் என் சித்தி. ஊசியை நினைத்தே பல வருஷம் சர்க்கரை டெஸ்ட்டுக்குப் போகாமல் இருந்தார். கால் புண் ஆறாமல் போன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. மயங்கி விழுந்தால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற வெட்கம்தான் அவரைத் தடுத்திருக்கிறது. இப்போது லேப் வாசலிலேயே சொல்லிவிடுகிறார்: "எனக்கு மயக்கம் வரும்மா, படுக்க வெச்சு எடுங்க." லேப்பில் இருக்கும் பெண்களும் முகம் சுளிக்காமல் பெஞ்சைக் காட்டுகிறார்கள்.

தம்பி, அடுத்த முகாமில் ரத்தம் கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. முதலில் ஒரு வாரம் பழகிப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்